மாடி ஷெட்டில் பட்டறை: பன்னிரண்டு பேட்டனும் ஒரு டின் வெள்ளைப் பெயிண்டும்

கேள்வி இதுதான்: கோவையில் வீட்டு மொட்டை மாடியில் 12 அடிக்கு 20 அடி ஷெட். மேலே தகர ஷீட், கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டமான டிரஸ்ஸின் அடிக்கம்பி வரை 10 அடி உயரம். நீளச் சுவரை ஒட்டி ஒரு வேலை மேசை, நடுவில் டேபிள் சா (சுழல் ரம்ப மேசை), மூலையில் சின்ன மர லேத், ஒரு டிரில் மெஷின். ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் வேலை செய்ய நேரம் கிடைக்கும். "நடுவில் 100 வாட் எல்இடி ஹை பே (குடோனில் தொங்கும் பெரிய விளக்கு) இரண்டு மாட்டலாம் என்று கடைக்காரர் சொல்கிறார், முன்பணமும் கொடுத்துவிட்டேன், போதுமா?"

மொத்த வெளிச்சம் ஓரளவு போதும். ஆனால் அது விழும் இடம் தப்பு. நீங்கள் வேலை செய்யப்போவது ஷெட்டின் நடுவில் இல்லை, சுவரோரம். முகத்தைச் சுவருக்குக் காட்டி மேசையில் குனிந்ததும் நடு விட்டத்தில் தொங்கும் விளக்கு உங்கள் முதுகுக்குப் பின்னால் போய்விடும். தலையின் நிழல் நேராக உளியின் முனையில் வந்து உட்காரும். 100 வாட்டுக்குப் பதில் 200 வாட் போட்டாலும் நிழல் இன்னும் கருப்பாகத் தெரியுமே ஒழிய நகராது.

நான் பதினேழு வருஷம் லேத் பட்டறையில் இருந்தவன். இப்போது வீட்டுக்குப் பின்னால் மர வேலை. இரண்டு இடத்திலும் வெளிச்ச விஷயத்தில் செய்யக்கூடிய எல்லாத் தப்பையும் செய்து பார்த்தாயிற்று, அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் வாட்டை மறந்துவிடுங்கள். வாட் என்பது விளக்கு தின்னும் கரண்ட். விளக்கு தருகிற வெளிச்சத்துக்கு லூமென் என்று கணக்கு. அந்த வெளிச்சம் ஒரு சதுர மீட்டரில் எவ்வளவு விழுகிறது என்பது லக்ஸ். உங்களுக்கு வேண்டியது மேசை மட்டத்தில், அதாவது தரையிலிருந்து சுமார் இரண்டே முக்கால் அடி உயரத்தில், எத்தனை லக்ஸ் என்ற எண்தான். கட்டட உள்வெளிச்சத்துக்கான இந்தியத் தரநிர்ணயம் ஐ.எஸ். 3646, மர வேலையில் அறுப்பது, இழைப்பது போன்ற வேலைக்கு ஒரு அளவும், நுணுக்கமான மேசை வேலை, கடைசி உப்புத்தாள், ஃபினிஷிங் இவற்றுக்கு அதைவிடக் கூடிய அளவும் வைக்கிறது. நீங்கள் 500 லக்ஸைக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். கூடவே வயதையும் யோசியுங்கள். இருபது வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேர்ந்த வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் போய்ச் சேரும். ஸ்கேலில் அரை மில்லிமீட்டர் கோடு தெரியவில்லை என்று நான் கண்ணாடியை மூன்று முறை மாற்றிய பிறகுதான் இது உறைத்தது.

கணக்கு சுலபம். 12 அடிக்கு 20 அடி என்றால் 240 சதுர அடி, அதாவது சுமார் 22.3 சதுர மீட்டர். 500ஆல் பெருக்கினால் 11,150 லூமென். இவ்வளவும் மேசையில் விழ வேண்டும். விளக்கிலிருந்து கிளம்புவதெல்லாம் மேசைக்கு வராது. கொஞ்சத்தைச் சுவர் குடிக்கும், கொஞ்சத்தைக் கூரை குடிக்கும். சுவரும் கூரையும் வெள்ளையாக இருந்தால் உங்கள் அளவு அறையில் சுமார் 60 சதவீதம் வந்து சேரும் என்று வைக்கலாம். நாளாக ஆகத் தூசி படியும், எல்இடியும் மங்கும். அதற்காக இன்னொரு 20 சதவீதம் கழிக்க வேண்டும். 11,150ஐ 0.6ஆலும் 0.8ஆலும் வகுத்தால் சுமார் 23,200 லூமென். கடையில் கிடைக்கும் 4 அடி, 20 வாட் எல்இடி பேட்டன் (டியூப் லைட் மாதிரி நீள விளக்கு) ஒன்று சுமார் 2,000 லூமென் தரும். ஆக, பன்னிரண்டு பேட்டன். மொத்தம் 240 வாட்.

இப்போது சுவரைப் பூசாமல், ஷீட்டையும் அப்படியே சாம்பலாக விட்டால் அந்த 60 சதவீதம் 45க்கு இறங்கிவிடும். அதே 500 லக்ஸுக்கு 31,000 லூமென் வேண்டும், அதாவது பேட்டன் பதினைந்து பதினாறு. நான்கு பேட்டனும், அவை வருஷக்கணக்கில் தின்னும் கரண்டும் ஒரு டின் வெள்ளைப் பெயிண்டில் மிச்சம். ஷீட்டுக்கு அடியில் வெப்பத்தடுப்பு ஒட்டும் எண்ணம் இருந்தால் வெள்ளை முகமுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பளபளவென்ற வெள்ளி முகம் வேண்டாம், விளக்குகள் அதில் கண்ணாடி போல மின்னி உறுத்தும். சுவருக்கும் பளபளப்பில்லாத வெள்ளை போதும். கருவிகளை மாட்டும் பலகையைப் பலர் கருப்பில் அடித்துவிடுகிறார்கள். போட்டோவுக்கு அழகுதான். மேசைக்கு நேர் எதிரே இருக்கும் அந்தப் பலகைதான் மேசைக்கு வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும் முக்கியமான சுவர் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் இரண்டு ஹை பேயும் சேர்ந்தால் 20,000 லூமென் தேறும். பன்னிரண்டு பேட்டன் தருவது 24,000. பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் விளக்கிலிருந்து நேராக வரும் வெளிச்சத்தை மட்டும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹை பேக்கு நேர் கீழே சுமார் 800 லக்ஸ் வருகிறது. லேத் வைக்கப்போகும் மூலையில் 230. அதிலும் உங்கள் உடம்பு குறுக்கே நின்றால் எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஹை பே என்பது இருபது அடி, முப்பது அடி உயரக் குடோனுக்காகச் செய்தது. பத்தடியில் தொங்கவிட்டால் நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் கண் கூசும். கூசிய கண் மறுபடி மரத்தைப் பார்க்கும்போது அங்கே இருட்டாகத்தான் தெரியும்.

பேட்டன்களை மூன்று வரிசையாகப் போடுங்கள். ஷெட்டின் நீளவாக்கில், வரிசைக்கு நான்கு. மேசைச் சுவரிலிருந்து 2 அடி, 6 அடி, 10 அடி தூரத்தில் வரிசைகள். இதில் முதல் வரிசைதான் உயிர். உங்கள் மேசை 2 அடி ஆழம் என்று வைத்தால் அந்த வரிசை மேசையின் முன்விளிம்புக்கு நேர் மேலே வரும். நீங்கள் விளிம்பில் நின்று குனியும்போது விளக்கு உங்கள் நெற்றிக்கு முன்னால் இருக்கும், நிழல் பின்னால் விழும். நாலடி நீள விளக்குகள் வரிசையாக வரும்போது நிழலுக்கே கூர்மை போய்விடும். கையின் இந்தப் பக்கத்தை ஒரு விளக்கு மறைத்தால் அந்தப் பக்கத்திலிருந்து இன்னொன்று நிரப்பும்.

இதை நம்ப வேண்டாம், பார்த்துவிடுங்கள். ராத்திரியில் மேசையில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அதற்கு நான்கு விரல் உயரத்தில் ஒரு பென்சிலைக் குறுக்காகப் பிடியுங்கள். ஒற்றைக் குண்டு பல்புக்குக் கீழே பென்சில் நிழலின் விளிம்பு பிளேடு போல விழும், எது பென்சில் கோடு எது நிழல் கோடு என்று குழம்பும். பேட்டன் வரிசைக்குக் கீழே, வரிசை போகும் திசைக்குக் குறுக்காகப் பென்சிலைப் பிடித்தால் நிழல் கிட்டத்தட்டக் கரைந்துவிடும். வரிசைக்கு இணையாகத் திருப்பினால் கொஞ்சம் தெரியும். பக்கத்து வரிசையை எரியவிட்டால் அதுவும் இளகும். வயரிங்குக்கு முன்னாலேயே இரண்டு பேட்டனை வாங்கி, கயிற்றில் தொங்கவிட்டு, இப்படிப் பார்த்து இடத்தைக் குறித்துக்கொள்வது நல்லது. பைப் அடித்த பிறகு எலக்ட்ரீஷியன் முகம் கொடுக்க மாட்டார்.

சீலிங் ஃபேன் பற்றி நீங்கள் எழுதவில்லை. நம்ம ஊர் வெயிலில் தகர ஷெட்டுக்குள் ஃபேன் இல்லாமல் நிற்க முடியாது, நிச்சயம் மாட்டுவீர்கள். இங்கேதான் நான் நன்றாக ஏமாந்தேன். நடுவில் 1200 மில்லிமீட்டர் ஃபேன், இறக்கைக்கு மேலே டியூப் லைட். மூன்று இறக்கை நிமிஷத்துக்கு 350 சுற்று சுற்றினால் விநாடிக்குப் பதினேழு பதினெட்டு தடவை வெளிச்சத்தை வெட்டும். அரை மணி நேரத்தில் தலைவலி. சுழலும் வாளின் பல்லைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதற்கு மேல் இன்னொரு நிழல் ஓடினால் எப்படி இருக்கும்? பட்டறையில் சீலிங் ஃபேனே வேண்டாம் என்பது என் கட்சி. தரையில் கிடக்கும் மரத்தூளையெல்லாம் கிளப்பி மூக்குக்கும் விளக்குக்கும் ஏற்றும். சுவர் ஃபேன் இரண்டு போடுங்கள். கட்டாயம் சீலிங் ஃபேன்தான் என்றால் பேட்டன்களை இறக்கை மட்டத்துக்குக் கீழே இறக்குங்கள், அல்லது இறக்கை வட்டத்துக்கு வெளியே தள்ளுங்கள்.

அடுத்தது விளக்கு விட்டுவிட்டு மின்னுவது. கண்ணுக்குத் தெரியாத மின்னல். நம் கரண்ட் 50 சைக்கிள். அதனால் பழைய சோக்கு டியூப் விநாடிக்கு 100 தடவை மங்கி எரியும். லேத் பட்டறையில் நான் சேர்ந்த புதிதில் ஒரு ராத்திரி ஷிஃப்டில், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் நான்கு தாடை சக்கு ஓடிக்கொண்டிருந்தபோது தாடைகள் நான்கும் ஆவி போல மங்கலாக, மெதுவாகப் பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தன. கையை நீட்டப் போனேன். மேஸ்திரி சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். கணக்கு பின்னால்தான் புரிந்தது. நான்கு தாடை சக்கு நிமிஷத்துக்கு 1,500 சுற்று சுற்றினால், நூறில் ஒரு விநாடியில் சரியாகக் கால் சுற்று. ஒவ்வொரு மின்னலிலும் ஒரு தாடை இருந்த இடத்தில் அடுத்த தாடை நிற்கும், சக்கே நிற்பதுபோலத் தோன்றும். 1,440 சுற்றில் விநாடிக்கு ஒரு சுற்று வீதம் பின்னால் போவதுபோலத் தோன்றும். நான்கு துருவ மோட்டார் ஓடும் வேகம் கிட்டத்தட்ட அந்த 1,440தான், தற்செயலாக நேர்வதில்லை இது. பழைய லேத்துகளின் தலைமாட்டில் குண்டு பல்பு வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். சூடான இழை நூறில் ஒரு விநாடிக்குள் அணைந்து ஆறிவிடாது.

எல்இடி வந்ததும் இந்தத் தொல்லை போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். நல்ல டிரைவர், அதாவது எல்இடிக்குக் கரண்டைச் சீராக்கித் தரும் சர்க்யூட், உள்ள பேட்டனில் போய்விட்டது. உள்ளே ஒரு கப்பாசிட்டரும் நான்கு டயோடும் மட்டும் வைத்து ஒப்பேற்றிய மலிவுச் சரக்கில் சோக்கு டியூப்பைவிட மோசம். எல்இடிக்கு டியூப்பின் உள்ளே பூசிய பாஸ்பர் போல ஒட்டிக்கொண்டு ஒளிரும் பழக்கம் இல்லை, டக்கென்று அணையும். கடையிலேயே பேட்டனை எரியவிடச் சொல்லி, போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுங்கள். படத்தில் வெளிச்சம் பளிச் பளிச்சென்று துடித்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். லேத் மூலைக்கு இந்தச் சோதனையில் தேறாத விளக்கு கூடவே கூடாது.

நிறம். கடையில் எதுவும் சொல்லாமல் கேட்டால் 6500 கெல்வின் பால் வெள்ளைதான் எடுத்துத் தருவார்கள். அறுக்கவும் துளைக்கவும் அது பரவாயில்லை. பாலிஷ் அடிக்கிறவர்களுக்கு நான் 4000 கெல்வின் சொல்வேன். இதைவிடப் பெரிய விஷயம் சிஆர்ஐ என்று பெட்டியில் போடும் எண். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு நூற்றுக்கு மார்க். 80க்குக் கீழே வேண்டாம். மேசைக்கு மேலிருக்கும் வரிசைக்காவது 90 கிடைத்தால் விலை கூடினாலும் வாங்குங்கள். தங்கைக்கு ஒரு பூஜை அலமாரி செய்தேன். கதவுக்குத் தேக்கு, பக்கப் பலகைக்கு வேறு மரம், ஸ்டெயின் போட்டு நிறத்தைச் சேர்த்தேன். ராத்திரி பதினொரு மணிக்கு, பெட்டியில் ஒரு எண்ணும் போடாத ஒரு டியூப்பின் கீழே, இரண்டும் ஒரே மரம் என்று சத்தியம் செய்திருப்பேன். காலையில் வாசலில் இறக்கி வைத்தால் கதவு தேன் நிறம், பக்கம் செங்கல் நிறம். மட்டமான எல்இடியில் சிவப்பு குறைவாக இருக்கும், மரத்தின் உயிரோ அந்தச் சிவப்பில்தான். மொத்தத்தையும் உப்புத்தாள் போட்டுச் சுரண்டி மறுபடி அடித்தேன்.

தலைக்கு மேல் எவ்வளவு வெளிச்சம் இருந்தாலும் ஒரு வேலைக்கு ஆகாது: உப்புத்தாள் கீறல் பார்க்க. மேலிருந்து வரும் வெளிச்சம் கீறலை நிரப்பி மறைத்துவிடும். அதற்கு மேசையின் ஓரத்தில், பலகை மட்டத்துக்குச் சற்று மேலே, கிடையாக ஒரு சின்ன விளக்கு வேண்டும். மற்ற வரிசைகளை அணைத்துவிட்டு அதை மட்டும் போட்டால், வழுவழுப்பு என்று தடவிப் பார்த்துத் திருப்திப்பட்ட பலகையில் 80 நம்பர் தாளின் கோடுகள் ஏர் உழுத வயல் மாதிரி தெரியும். வரிசைக்கு ஒரு ஸ்விட்ச் என்று தனித்தனியாகப் பிரிக்கச் சொல்வது இதற்கும்தான். டிரில் மெஷினுக்கும் லேத்துக்கும் வளையும் கழுத்துள்ள சின்ன விளக்கு ஒவ்வொன்று போதும்.

சூடு. சித்திரையில் மத்தியானம் தகரத்தில் கை வைக்க முடியாது. பேட்டனை ஷீட்டோடு ஒட்டி மாட்டினால் எல்இடி சாகாது, டிரைவர் சாகும். அதிலுள்ள எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டருக்கு ஒவ்வொரு 10 டிகிரி கூடுதல் சூட்டுக்கும் ஆயுள் பாதியாகும் என்பது அந்தத் தொழிலில் எல்லோரும் வைக்கும் கணக்கு. டிரஸ்ஸுக்குக் குறுக்கே ஜிஐ சேனல் போட்டு, ஷீட்டிலிருந்து அரையடியாவது இறக்கி மாட்டுங்கள். பிளாஸ்டிக் உடம்பைவிட அலுமினிய உடம்பு மேல். முன்பக்கம் பால் நிற மூடி உள்ளதாக, இரண்டு முனையும் அடைத்ததாக இருக்கட்டும். முதல் மழைக்கு அடுத்த நாள் சாயங்காலம் ஈசல் வந்தால் ஏன் என்று தெரியும். மாதம் ஒரு தடவை காய்ந்த துணியால் துடைத்தால் நாம் கழித்த அந்த 20 சதவீதத்தில் பாதி திரும்பி வரும்.

வயரிங்கில் ஒன்றே ஒன்றைப் பிடிவாதமாகச் சொல்வேன். விளக்கும் மெஷினும் ஒரே எம்சிபியில் (கரண்ட் அளவு மீறினால் தானே விழும் ஸ்விட்ச்) இருக்கக் கூடாது. டேபிள் சாவில் ஈர மரம் சிக்கி மோட்டார் திணறினால் எம்சிபி விழும். விளக்கும் அதிலேயே இருந்தால் ஷெட் கும்மிருட்டாகிவிடும், வாள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும், உங்கள் கை எங்கே என்று உங்களுக்கே தெரியாது. ஆர்சிசிபிக்கும், அதாவது கரண்ட் கசிந்தால் விழும் ஸ்விட்சுக்கும், இதே கதைதான். மெஷினில் கரண்ட் கசிந்து வீட்டு மொத்தத்துக்குமான 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி விழுந்தால் விளக்கும் போகும், அதனால் விளக்கு லைனுக்குத் தனி ஆர்சிசிபி வாங்கிவிடுங்கள். 240 வாட் என்பது ஒரு ஆம்பியர்தான். 1.5 சதுர மில்லிமீட்டர் வயரும் 6 ஆம்பியர் எம்சிபியும் தாராளம். பன்னிரண்டு டிரைவரும் ஒரே நேரத்தில் உயிர்பெறும்போது ஒரு கணம் நிறைய இழுக்கும். சி வகை எம்சிபி கேட்டு வாங்கினால் காரணமில்லாமல் விழாது.

கரண்ட் கட்டுக்கு வீட்டு இன்வெர்ட்டரிலிருந்து ஒரு பேட்டனுக்கு லைன் இழுங்கள். மேசை வரிசையில் வேண்டாம், டேபிள் சாவுக்கு மேலே உள்ளதற்கு. அந்தப் பேட்டனின் நியூட்ரலும் இன்வெர்ட்டர் பக்கமிருந்தே வர வேண்டும். பக்கத்தில் இருக்கிறதே என்று ஷெட் நியூட்ரலோடு சேர்த்துவிட்டால் ஆர்சிசிபி விழுந்துகொண்டே இருக்கும், எலக்ட்ரீஷியன் மெஷினைக் குறை சொல்வார். வேலை முடிந்ததும் அந்த நியூட்ரல் எங்கிருந்து வருகிறது என்று நீங்களே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

கரண்ட் செலவு பயப்படும்படி இல்லை. தினம் மூன்று மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 43 யூனிட். இதே வெளிச்சத்துக்குப் பழைய சோக்கு டியூப் பத்துப் போட்டிருந்தால், சோக்கின் இழப்பையும் சேர்த்து ஒன்றுக்கு 52 வாட் வீதம் 94 யூனிட் ஆகியிருக்கும்.

பகலில் வேலை செய்யும் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வடக்குச் சுவரில் உயரமாக ஒரு ஜன்னல் வையுங்கள். கோவையின் பழைய மில்களுக்கு ரம்பப் பல் மாதிரிக் கூரை போட்டு வடக்கு வெளிச்சத்தை வாங்கியது சும்மா இல்லை. நேர் வெயில் இல்லாத, நாள் முழுக்க ஆடாத வெளிச்சம் அது. ஆனால் நாம் இருப்பது 11 டிகிரி அட்சத்தில். ஏப்ரல் 20 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 23 வாக்கு வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்துதான் போகும், அதனால் ஜன்னலுக்கு மேலே ஒரு சின்ன சன்ஷேடும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூரையில் கண்ணாடி ஷீட் போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஒன்று போதும், மெஷினுக்கு நேர் மேலே வேண்டாம். வெளிச்சத்தோடு வெயிலும் இறங்கி, இழைத்து வைத்த பலகையை வளைத்துவிடும்.

அந்த முன்பணம்: கடைக்காரர் பேட்டனாக மாற்றித் தந்தால் நல்லது. மாட்டேன் என்றால் ஹை பே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தூசியும் மழையும் உள்ளே போகாது என்பதற்கான ஐபி 65 குறி போட்டிருந்தால் ஷெட்டுக்கு வெளியே மொட்டை மாடியில் மாட்டலாம். எட்டடிப் பலகையைப் படிக்கட்டு வழியாக ஏற்றும்போது உதவும்.